தூக்கத் தூக்கப் பழகும்

மார்ச் 5, சாம்பல் புதன்

டைரி எழுதற பழக்கம் எனக்கு என்னிக்குமே கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில முப்பது வருஷம் உட்கார்ந்து பேசினவளுக்கு எழுதறதுக்கு எங்கே நேரம். வீட்டுக்கு வந்தா சண்டை போட இவர் இருந்தார். இப்போ இவர்கிட்ட சண்டை போட்டா பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வருது. அதனால செலின் கொடுத்த இந்த டைரியை எடுத்து வச்சிருக்கேன். இதுகிட்டயாவது திட்டிக்கலாம்.

இவர் இருதயராஜ். பொன்மலை ரயில்வே பட்டறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். போன ஆகஸ்டுல ஒரு நாள் ஷேவ் பண்ணிக்கிட்டே சரிஞ்சவர்தான், பக்கவாதம், வலது கை, வலது கால் ரெண்டும் போச்சு. பேச்சும் போச்சு. மிச்சம் இருக்கிறது "போதும்". சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும்னு டாக்டர் சொன்னார். சோறு வேணுமான்னாலும் போதும், ஃபேன் போடவான்னாலும் போதும். குரல்ல இருக்கிற ஏத்த இறக்கத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்ச ஆபரேட்டர் நான், எனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லை.

காலையில செலினை இவர்கிட்ட உட்கார வச்சிட்டு கோயிலுக்குப் போய் சாம்பல் பூசிக்கிட்டு வந்தேன். செலின் இவரோட தங்கச்சி, பக்கத்துத் தெரு. வந்து இவரைக் கட்டில்லேருந்து சேருக்குத் தூக்கினப்போ வலது தோள்ல சுருக்குனு ஒண்ணு இழுத்துச்சு. இவர் என் முகத்தைப் பார்த்தார். ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

வாயுதான். பூண்டு தட்டிப் போட்டுப் பால் குடிச்சேன். செலின் வந்து, அவ காலோட, கால் முதல்ல வெளியே வந்து, பொறந்தவளாம், அப்படிப் பொறந்தவங்க ஒரு மிதி மிதிச்சா எல்லாப் பிடிப்பும் விட்டுடுமாம். இடுப்புப் பிடிப்புக்குத்தான் மிதிப்பாங்க, தோளை மிதிச்சா நேரா மோட்சந்தான்னு சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாள். நீலகிரித் தைலத்தை மட்டும் தேய்ச்சு விட்டுட்டுப் போனாள்.

மார்ச் 11, செவ்வாய்

தைலமும் கேக்கலை, பூண்டும் கேக்கலை. தலை பின்ன முடியலை. மேல் தட்டுல இருக்கிற சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினா பாதியிலேயே நின்னுடுது. எக்ஸ்சேஞ்சில சேர்ந்த புதுசுல நாள் பூரா கையை நீட்டி நீட்டி வயர் சொருகியிருக்கேன். ராத்திரி தோள் கடுக்கும், தூங்கி எழுந்தா புதுசா இருக்கும். இப்போ தூங்கி எழுந்தாத்தான் அதிகமா இருக்கு.

சாயங்காலம் ரீகன் ஓசூர்லேருந்து வீடியோ கால் போட்டான். எங்க ஒரே பையன். நல்ல பிள்ளைதான். ஆனா போன தடவை ஆரம்பிச்சதையே இந்தத் தடவையும் ஆரம்பிச்சான். திண்டுக்கல் பக்கம் சிஸ்டர்ஸ் நடத்தற ஹோம் ஒண்ணு இருக்காம், ரொம்பச் சுத்தமாம், அப்பாவைத் தூக்க நாலு பேர் இருப்பாங்களாம். "உன்னால முடியற வரைக்கும் பாரும்மா. முடியலைன்னா மறைக்காதே. பாஸ்கா பண்டிகைக்கு வரும்போது முடிவு பண்ணிடலாம்" என்றான். போனை இடது கையில பிடிச்சுக்கிட்டுத்தான் பேசினேன். அவன் கவனிக்கலை.

இவர் கட்டில்ல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். காதுக்கு ஒண்ணும் ஆகலையே.

மார்ச் 14, வெள்ளி

ரேஷன் கடைக்குப் போறேன்னு செலின்கிட்ட பொய் சொல்லிட்டு டாக்டரைப் பார்த்தேன். அவர் ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினார். அங்கே இருந்த ஆள் என் தோள்ல அந்தக் கருவியை வச்சுத் தேய்ச்சுக்கிட்டே, "நரம்பு கிழிஞ்சிருக்கும்மா. வயசாயிடுச்சுல்ல. சீக்கிரம் டாக்டரைப் பாருங்க" என்றார். ஏதோ சட்டை கிழிஞ்சிருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

நரம்பு. ஆகஸ்டுல இவரைக் கொண்டுபோய்ப் போட்டப்போ பெரிய டாக்டர் சொன்னதும் இதே வார்த்தைதான். நரம்பு பாதிச்சிருக்கு, இனி இந்தக் கை வர்றது கஷ்டம்னார். இவருக்கும் முதல்ல வலது கைதான்.

டாக்டரைத் திரும்பப் பார்க்கலை. பஸ் ஏறிட்டேன். பஸ்ல கம்பியைப் பிடிக்கப் பயமா இருந்துச்சு. கை நழுவினா எல்லாரும் பார்ப்பாங்களேன்னு மடியிலேயே வச்சுக்கிட்டேன். எனக்கும் வந்துட்டா இவரை யார் தூக்குவா? ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போய் அந்த ஹோம்ல ஆளுக்கொரு பக்கமா படுக்கப் போட்டுடுவான் ரீகன்.

மார்ச் 15, சனி

கண்ணாடியில சிரிச்சுப் பார்த்தேன். வாய் கோணலை.

மார்ச் 18, செவ்வாய்

இவருக்கு வந்தப்போ டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னார், கையை ஆட்டாம வச்சா நரம்பு மரத்தே போயிடும், வேலை கொடுத்துக்கிட்டே இருங்கன்னு. இவர்தான் கேக்கலை. நான் அப்படி விடப் போறதில்லை. இன்னிலேருந்து பாத்ரூம்ல பக்கெட் நிறையத் தண்ணி பிடிச்சு வலது கையாலதான் தூக்கறேன். இவரைத் தூக்கறதும் அந்தக் கையை வச்சே. உயிர் போற மாதிரி இருக்கு. இருக்கட்டும். வலிக்குதுன்னா நரம்பு இன்னும் சாகலைன்னுதானே அர்த்தம். தூக்கத் தூக்கப் பழகும்.

நாக்கு குழறுதான்னு பார்க்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். சமைச்சுக்கிட்டே மெட்ராஸ் போற லைன்ல இருக்கிற ஸ்டேஷன் பேரை மடமடன்னு சொல்றது. ஸ்ரீரங்கம், லால்குடி, புள்ளம்பாடின்னு நான் ஆரம்பிச்சதும் கட்டில்லேருந்து டிங்னு பெல் சத்தம். இவரோட பழைய சைக்கிள் பெல்லை ரீகன் கட்டில் கம்பியில பூட்டிவிட்டிருக்கான், பாத்ரூம் போகணும்னா இடது கையால அடிப்பார். ஓடிப்போய்ப் பார்த்தா அதுக்கு இல்லை. சிரிக்கிறார், பாதி வாயில. அப்புறந்தான் புரிஞ்சுது, வாளாடியை விட்டுட்டேன்.

நானும் சிரிச்சேன். அடுப்படிக்கு வந்ததும் மறுபடி முதல்லேருந்து சொல்லிப் பார்த்தேன். நாப்பது வருஷம் ரயில்வே பாஸ்ல போய் வந்த லைனு, வாளாடி எப்படி மறக்கும்?

மார்ச் 22, சனி

நாலு மணிக் காப்பியை வேண்டாம்னுட்டார். உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு "போதும்". தவக்காலமாச்சே, ஒருசந்தி பிடிக்கிறார் போலன்னு நினைச்சேன். நல்லா இருந்த காலத்துல ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கறி விடாத மனுஷன். சாமியாரே வந்து, உங்களுக்கு உபவாசம் கிடையாது, நல்லா சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சரி, ஒரு காப்பிதானேன்னு விட்டுட்டேன்.

மார்ச் 27, வியாழன்

வெயில் கொளுத்துது. திருச்சி வெயிலைப் பத்தி எழுதித்தான் தெரியணுமா.

காப்பி மட்டும் இல்லை, தண்ணியும் குறைச்சுட்டார். மாத்திரை முழுங்க ஒரு வாய், அவ்வளவுதான். பெல் சத்தமும் குறைஞ்சுபோச்சு. முன்னெல்லாம் சோத்துல கை வச்சா டிங், கண்ணை மூடினா டிங்னு என் பிராணனை வாங்குவார். இன்னிக்குக் காலையில ஒரு தடவை, அப்புறம் இருட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை. எழுதறதுக்கு வெக்கமா இருக்கு, எனக்கு அது நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவை அவரைத் தூக்கறதுக்கு முன்னாடியும் மாதாவே மாதாவேன்னு சொல்லிக்கிட்டுத்தான் குனியறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒருசந்தி இல்லை இது.

எலுமிச்சம்பழ ஜூஸ் கொண்டுபோனேன். போதும். மோர். போதும். ஸ்பூன்ல தண்ணி எடுத்து உதட்டுல வச்சேன், தலையைத் திருப்பிக்கிட்டார். அந்தப் போதும் வேற மாதிரி இருந்துச்சு. கோபமும் இல்லை, அலுப்பும் இல்லை. கணக்கு முடிச்சு எழுந்திருக்கிறவன் சொல்ற மாதிரி இருந்துச்சு. மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போகுது.

எனக்கு இப்போ என்ன பயம்னு எழுதிடறேன். இந்த மனுஷன் போறதுக்கு ஏற்பாடு பண்றார். ரீகன் ஹோம் பத்திப் பேசினதைக் கேட்டுட்டு, அங்கே போறதைவிட இப்படியே போயிடலாம்னு முடிவு கட்டிட்டார். கட்டில் பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். என்னை விட்டுட்டுப் போகத்தான் பாக்கறீங்களா, நான் என்ன குறை வச்சேன்னு கேட்டேன். இவர் என் முகத்தைப் பார்க்கலை. என் தோளையே பார்த்துக்கிட்டிருந்தார்.

செலின்கிட்ட சொல்லலை. சொன்னா ரீகனுக்குப் போகும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பக்கெட் இன்னிக்கு ரெண்டு. கண்ணாடியில வாய் நேராத்தான் இருக்கு. கையிலதான் பலம் வரலை.

ஏப்ரல் 9, புதன். ஆஸ்பத்திரி

நேத்து நடந்ததை நேத்து எழுத முடியலை. இடது கையாலதான் எழுதறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.

நேத்துக் காலையில இவருக்கு உடம்பு சுட்டுது. பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, வீல் சேர்லேருந்து எழுப்ப, இடுப்புல கட்டின துண்டைப் பிடிச்சு இழுத்தேன். பாதி எழுந்தாச்சு. வலது கை அப்படியே விட்டுடுச்சு. வலிக்கக்கூட இல்லை, கையே இல்லாத மாதிரி. இவர் என் மேல சரிய, நான் சுவர்ல சாய, ரெண்டு பேருமா வழுக்கி ஈரத் தரையில உட்கார்ந்துட்டோம். அடி படலை. ஆனா இவரைத் தூக்க முடியலை. இடது கையால மட்டும் தூக்கிப் பார்த்தேன், அசையலை. போன் ஹால்ல. பெல் கட்டில்ல. கத்தினேன், பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுது.

எனக்கும் வந்துருச்சு, அவ்வளவுதான்னு நினைச்சேன். சிரிச்சுப் பார்த்தேன், கண்ணாடி இல்லை. ஸ்ரீரங்கம், வாளாடி, லால்குடின்னு சத்தமா சொன்னேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு இவர் நினைச்சிருப்பார். நல்லா இருக்கிற இடது கையை நீட்டி என் வலது தோளைத் தொட்டார். எங்கே வலிக்குதோ சரியா அந்த இடத்துல, குழந்தைத் தலையைத் தடவற மாதிரி தடவினார். "போதும்" என்றார்.

அப்புறம் தண்ணி மொள்ளற பிளாஸ்டிக் மக்கை எடுத்தார். அதுல இருந்த தண்ணியைத் தரையில ஊத்தினார். மக்கைக் கவிழ்த்து வச்சார். டாய்லெட்டைக் காட்டிக் கையை இல்லைன்னு ஆட்டினார். திரும்ப என் தோளைத் தொட்டார். "போதும்" என்றார். கண்ணுல தண்ணி.

தண்ணி குடிக்கலைன்னா பாத்ரூம் இல்லை. பாத்ரூம் இல்லைன்னா என்னைத் தூக்கச் சொல்ல வேண்டாம். இதைத்தான் இந்த மனுஷன் மூணு வாரமா பண்ணிக்கிட்டிருந்திருக்கார், நாக்கு வறண்டு, நான் நீட்டின டம்ளரையெல்லாம் தள்ளிவிட்டுட்டு. குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிறவளாம் நான்.

அவர் நெஞ்சுல தலையைச் சாய்ச்சு அழுதேன். உடம்பு அனலாக் கொதிச்சுது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோமோ தெரியாது, வாசல்ல "கேஸ்" என்று ஒரு குரல். கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, உள்ளே வாங்கண்ணேன்னு கத்தினேன். சிலிண்டர்காரர் வந்து பார்த்துட்டு ஒரு கேள்வி கேக்கலை, இவரை அப்படியே தூக்கிக் கட்டில்ல போட்டார். அவர்தான் செலினுக்குப் போன் பண்ணினார், ஆட்டோவும் பிடிச்சார்.

மூத்திரத்துல கிருமியாம், உடம்புல தண்ணியே இல்லையாம். டிரிப்ஸ் ஏறுது. தண்ணி கொடுக்கிறதில்லையான்னு டாக்டரம்மா கேட்டாங்க.

ஏப்ரல் 10, வியாழன்

இவருக்குப் பயிற்சி கொடுக்க ஷபனான்னு ஒரு பிசியோதெரபி பொண்ணு வந்துச்சு. இவரைப் பார்த்துட்டு, என் கையைப் பார்த்துச்சு. ஆன்ட்டி, அதை எதுக்கு முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டுச்சு. மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். நரம்பு கிழிஞ்சிருக்குன்னது, எனக்கும் வாதம் வரப்போகுதுங்கறது, பக்கெட்டு, ஸ்டேஷன் பேரு எல்லாம்.

அது சிரிக்கலை. என் விரல்களை ஒவ்வொண்ணா மடக்கச் சொல்லி, கையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துச்சு. என் பையிலேயே கிடந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாங்கிப் படிச்சுச்சு. "ஆன்ட்டி, இது நரம்பு இல்ல, நார். மூளையிலேருந்து சேதி கொண்டுவருதே, அது நரம்பு. அது அங்கிளுக்குப் போச்சு. உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. தசையை எலும்போட கட்டி வச்சிருக்கிறது நார். நம்ம ஊர்ல ரெண்டையும் நரம்புன்னே சொல்லிடறோம். உங்களுக்கு வாதம் வரலை."

என் விரல்களை நானே மறுபடி மடக்கிப் பார்த்துக்கிட்டேன். ஒரு வார்த்தைக்காக ஒரு மாசமா செத்துப் பொழைச்சிருக்கேன். அந்த ஸ்கேன்காரனைத் திட்டவும் முடியலை. நானும்தான் குதிகால் வலிச்சா நரம்பு இழுக்குதும்பேன்.

தூக்கத் தூக்கப் பலம் வரணுமே, ஏன் வரலைன்னு கேட்டேன். சின்ன வயசுல பாரம் தூக்கினா நார் கொஞ்சம் தேயுமாம், ஓய்வுல அதைச் சரி பண்ணிக்கிட்டு முன்னைவிட உறுதியாகிடுமாம். வயசானாலும் அந்தப் புத்தி அதுக்குப் போகாதாம், ஆனா ரொம்ப மெதுவாம். "அது பழுது பார்த்து முடிக்கிறதுக்குள்ள நீங்க அங்கிளைத் தூக்கிடறீங்க. போதாததுக்கு பக்கெட் வேற. தேய்மானம் மேல தேய்மானமா சேர்ந்து கிழிஞ்சிருக்கு" என்றது. அப்போ தூக்காம கையைக் கட்டித் தொங்கவிட்டுடறேன்னேன். அதுவும் கூடாதாம், வேலையே இல்லைன்னா நார் மெலிஞ்சுபோகுமாம். வலி தணிஞ்சதும் லேசான பாரம், மெதுவா, நடுநடுவுல இடைவெளி விட்டு. மூணு மாசமாவது ஆகுமாம். பாதிதான் கிழிஞ்சிருக்கு, இன்னொரு தடவை இப்படி விழுந்தா முழுசும் போயிடும்னு சொல்லிட்டு இவரைப் பார்த்துச்சு.

ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துக்கிச்சு. மூணு மாசம் தூக்காம இருக்கணும்னா, ரீகன் சொன்னதுதான் நடக்கும்.

ஏப்ரல் 12, சனி

ரீகன் வந்துட்டான். ஹோமுக்குப் போன் பண்ணி இடம் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வந்திருக்கான். திங்கக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அங்கேயே கூட்டிட்டுப் போயிடலாங்கறான். கத்தலை, கெஞ்சறான். "உன் கையும் போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று கேட்டான். அவனுக்கும் பயம். என்னை மாதிரியேதான் இவனும் மூக்கைத் தேய்ச்சுக்கிறான்.

எப்பவும் போல சண்டை போட வாயெடுத்தேன், வரலை. மக்கைக் கவிழ்த்ததைச் சொன்னேன். "அங்கே நாலு பேர் இருக்கட்டும்டா. உங்கப்பா அவங்க தோளையும் பார்த்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பாரு. அவங்களுக்கு அது புரியறதுக்குள்ள அவர் இருக்க மாட்டாரு" என்றேன்.

ரொம்ப நேரம் வராந்தாவுல நின்னுட்டு வந்தான். மூணு மாசம் பார்ப்போம்னான். அதுக்கப்புறமும் கை வரலைன்னா என்னன்னு அவனும் சொல்லலை, நானும் கேக்கலை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மூணு நாளாச்சு வீட்டுக்கு வந்து. காலையும் சாயங்காலமும் குளிப்பாட்ட ஒரு ஆள் வர்றார். நடுவுல தூக்கவே கூடாதுன்னு ஷபனா வழி சொல்லிக் கொடுத்திருக்கு. ரீகன் பரண்லேருந்து ஒரு பழைய பலகையை இறக்கி, இழைச்சு, வழவழன்னு பண்ணிட்டான். கட்டிலுக்கும் சேருக்கும் நடுவுல பாலம் மாதிரி போட்டுட்டா, இவரே இடது கையை ஊன்றிச் சறுக்கி வந்துடலாம். நான் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டா போதும். முதல் தடவை பலகை நழுவி, எனக்கு உயிர் போய் வந்துச்சு. பட்டறைக்காரர் இவர், ரீகனைக் கூப்பிட்டு அடியில ரப்பர் ஒட்டச் சொல்லி விரலால காட்டினார்.

தண்ணிதான் இன்னும் சரியா குடிக்க மாட்டேங்கறார். பலகையை நம்பலை. நானும் நம்பலைன்னு வச்சுக்கோங்க.

ஏப்ரல் 20, பாஸ்கா, ஈஸ்டர் ஞாயிறு

ராத்திரிப் பூசைக்குச் செலினும் ரீகனும் போயிட்டு வந்தாங்க. இன்னிக்குக் காலையில ரீகன் கிளம்பினான். வாசல்ல நின்னு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

பத்து மணிக்குப் பயிற்சி. அரை லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணி பிடிச்சுக்கிட்டு இவர் எதிர்ல உட்கார்ந்து, முழங்கையை மடக்கி மெதுவா தூக்கணும், அதைவிட மெதுவா இறக்கணும். பக்கெட் தூக்கினவளுக்கு அரை லிட்டர் பாட்டில். ஆனா ஒவ்வொரு தடவையும் இப்போ விட்டுடுமோன்னு இடது கையை அடியில தயாரா வச்சுக்கறேன். கொஞ்சம் தூக்கினதும் இன்னும் ரெண்டு சேர்த்துப் பண்ணலாம்னு தோணுச்சு, என் புத்தி அப்படி. இவர் பார்த்துக்கிட்டே இருந்தவர், "போதும்" என்றார். பட்டறை மேஸ்திரி குரல்.

வச்சுட்டேன். அப்புறம் அதே பாட்டிலைத் திறந்து அவர்கிட்ட நீட்டினேன். "எனக்குப் போதும்னு நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். உங்களுக்குப் போதுமான்னு நான்தான் சொல்வேன்" என்றேன். வாயை மூடிக்கிட்டார். நானும் பாட்டிலைக் கீழே வைக்கலை. இடது கையால பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் தோளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி வாங்கினார். மடக்கு மடக்கா, நடுவுல நிறுத்தி நிறுத்தி, காலி பண்ணிட்டுக் கொடுத்தார். காத்தா இருந்துச்சு பாட்டில்.

அடுப்படியில கறி வேகுது. உட்கார்ந்து இதை எழுதறேன், காது மட்டும் ரூம்லயே இருக்கு. மூணு மாசத்துல இந்த நார் பதில் சொல்லுமோ சொல்லாதோ, தெரியலை. பலகை நழுவுமோ, அதுவும் தெரியலை. பயமாத்தான் இருக்கு.

பெல் அடிக்குது. போறேன்.